கடல் மயக்கம் கோழைத்தனமா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர் 18 பேரைப் பெர்ஹெந்தியான் தீவுக்கு அழைத்துச் சென்றேன். ரப்பர் மரத்தையும் செம்பனையையும் அன்றிப் பிறவற்றை அதிகம் கண்டறியாத பிள்ளைகள் அவர்கள். பவளப் பாறைகளையும் அவற்றினூடே திரியும் வண்ண மீன்களையும் அவர்கள் நேரில் காண வேண்டும் என்பது என் நெடுநாள் அவா. கோலா பெசுட் துறையிலிருந்து விசைப்படகு புறப்பட்டது. தீவை அடைய முக்கால் மணி நேரம் போதும். அந்த நேரத்தையும் வீணாக்குவானேன் என்று எண்ணி, பவளத்தைப் பற்றிய பயிற்சித்தாளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். ஆசிரியப் புத்தி!

பாதி வழி செல்வதற்குள் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வாந்தி எடுக்கத் தொடங்கினர். அவர்களுள் ஒரு சிறுவனின் நிலைமை மிகவும் இரங்கத்தக்கதாக இருந்தது. சிலர் அவனைப் பார்த்துக் “கோழை” என்று நகைத்தனர். நகைத்தவர்களைக் கண்டிக்க வேண்டிய நானோ, “மனத்தைத் திடப்படுத்திக்கொள், எல்லாம் நினைப்புத்தான்” என்று அவனுக்கு உபதேசம் செய்தேன். படகோட்டியாகிய மலாய்ப் பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “சிக்கு, அந்தத் தாள்களை முதலில் வாங்கிவிடுங்கள். தூரத்தில் தெரிகிற தீவைப் பார்க்கச் சொல்லுங்கள்” என்றார்.

மறுநாள் பவளப் பாறைக்குச் செல்லும் படகில் ஏற அந்தச் சிறுவன் மறுத்துவிட்டான். பவளம் காண வந்தவன், உடன் வந்த ஆசிரியை ஒருவரின் துணையோடு மணலில் அமர்ந்திருந்துவிட்டு ஊர் திரும்பினான். படகோட்டியின் சொல்லில் அறிவியல் இருந்தது. என் சொல்லில் அது இல்லை. இதனை நான் பின்னர்ப் படித்தே அறிந்துகொண்டேன். அறிந்தவற்றைச் சக ஆசிரியர்களுக்கும் வாசகர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

செவிக்குள் ஒரு துலாக்கோல்

செவி கேட்பதற்கு மட்டும் உரிய உறுப்பு அன்று. அதன் உட்பகுதியில், கேட்கும் கருவியை அடுத்து, உடலின் சமநிலையை அறியும் கருவியும் அமைந்துள்ளது. நீர் போன்ற பாய்மம் நிறைந்த அரைவட்டக் குழல்கள் மூன்று அதில் உள்ளன. தலை திரும்பினால் குழலிலுள்ள பாய்மம் பின்தங்கும். அதனால் அங்குள்ள நுண்மயிர்கள் வளைந்து, தலை திரும்புகிறது என்னும் செய்தியை மூளைக்கு அனுப்பும். குழல்களின் அடியில் இரண்டு சிறு பைகள் உள்ளன. அவற்றிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள், உடல் ஏறுவதையும் இறங்குவதையும் சாய்வதையும் உணர்த்தும்.

தரையில் நடக்கும்போது கண் சொல்வதும் செவி சொல்வதும் பாதம் சொல்வதும் ஒத்திருக்கும். படகில் அவ்வாறு இல்லை. படகறையில் குனிந்து தாளைப் படிக்கும் பிள்ளையின் கண், “எதுவும் அசையவில்லை” என்று கூறுகிறது. அதே நேரத்தில் செவி, “ஏறுகிறோம், இறங்குகிறோம்” என்று முறையிடுகிறது. மூளை எதிர்பார்ப்பது ஒன்று. வந்து சேரும் செய்தி வேறொன்று. இம்முரண்பாடே கடல் மயக்கத்திற்குக் காரணம் என்பது அறிஞர் பெரும்பாலோர் ஏற்கும் கொள்கை. ரீசன், பிராண்ட் என்னும் இருவர் 1975இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக விளக்கியது. இம்முரண்பாடு வயிற்றைக் குமட்டச் செய்வது ஏன் என்பதற்கு மட்டும் இன்றுவரை முடிந்த முடிபு இல்லை.

இதில் மனவலிமைக்கு என்ன பங்கு? ஒரு சான்று கூறுகிறேன். 1950களின் பிற்பகுதியில், அமெரிக்கக் கடற்படையும் பின்னர் நாசா நிறுவனமும் செவிகேளாத 11 ஆடவரைத் தேர்ந்து ஆய்வுகள் நடத்தின. அவர்களுட் பெரும்பாலோர் இளமையில் மூளையுறைக் காய்ச்சலால் செவிப்புலனையும் அதனோடு சமநிலைக் கருவியின் செயலையும் இழந்தவர்கள். நோவா ஸ்கோஷியாவை அடுத்த கொந்தளிப்பான கடலில் அவர்களைக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். அவர்களோ கவலையின்றிச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தனர். ஆய்வாளர்களே நோயுற்று வீழ்ந்து ஆய்வைக் கைவிட நேர்ந்தது! அந்தப் பதினொருவர் வீரர், ஆய்வாளர் கோழையர் என்று கூறுவோமா? நன்றாக வேலை செய்யும் செவி உடையவனுக்கே கடல் மயக்கம் வருகிறது என்பதன்றோ இதனால் விளங்கும் உண்மை?

பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் நெல்சனுக்கு இத்துன்பம் இறுதிவரை இருந்தது. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிவந்த டார்வின், பயணம் நெடுகிலும் இதனால் வருந்தினார். சில வேளைகளில் உலர்ந்த திராட்சையே அவருக்கு உணவாயிற்று. இவர்களைக் கோழையர் என எவரும் கூறார்.

யாருக்கு, எங்கே மிகுதி?

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் வருவதில்லை. அதன்பின் வளர்ந்து, ஒன்பது பத்து வயதளவில் உச்சத்தை அடைகிறது. அதாவது, நம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளே இதற்கு மிகவும் ஆளாகும் பருவத்தினர். ஆசிரியர்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

வேகமான குலுக்கலைவிட மெதுவான ஆட்டமே கொடியது. ஒருமுறை ஏறி இறங்க ஏறத்தாழ ஐந்து நொடி ஆகுமாறு அமைந்த அசைவே குமட்டலை மிகுதியாக உண்டாக்கும் என்று ஆய்ந்து கண்டுள்ளனர். ஓடும் படகில் நலமாக இருந்தவர், பவளப் பாறையருகே பொறியை நிறுத்தி நங்கூரம் பாய்ச்சியதும் வாடிப்போவது இதனால்தான்.

இருக்கும் இடமும் முக்கியம். பள்ளித் திடலில் பிள்ளைகள் ஏறி இறங்கி விளையாடும் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நுனியில் அமர்ந்தவர் மிகுதியாக ஏறி இறங்குவர். நடுப்பகுதி அதிகம் அசையாது. கப்பலும் அத்தகையதே. சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பலில் செல்வோர், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுப்பது நல்லது. பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்பு போன்ற அமைப்புகள் இருப்பதால் துன்பம் குறைவு. சிறு விசைப்படகிலோ முன்பகுதி அலையில் மோதித் தூக்கிப் போடும். நடுவிலோ பின்புறத்திலோ, பொறியின் புகை வராத இடத்தில், படகோட்டி காட்டும் இருக்கையில் அமர வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலாவது, காலம் அறிதல். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும். அம்மாதங்களில் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் பயணங்களைத் தவிர்க்க வேண்டும். மற்ற மாதங்களிலும் காலைப் படகே பெரும்பாலும் நல்லது.

இரண்டாவது, உணவு. வெறும் வயிறும் கூடாது. நெய்யும் எண்ணெயும் மிதக்கும் உணவும் கூடாது. இரண்டு இட்லியோ ரொட்டித் துண்டோ போதும்.

மூன்றாவது, பார்வை. தொடுவானத்தையோ தொலைவிலுள்ள தீவையோ நோக்கினால், கண்ணும் செவியும் ஒரே செய்தியைச் சொல்லத் தொடங்கும். அந்தப் படகோட்டி கூறியதன் பொருள் இதுவே. நூலும் கைப்பேசியும் பைக்குள் இருக்கட்டும். காற்று முகத்தில் படட்டும். வெளியே நோக்க இயலாவிடில் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து அசையாமல் இருத்தல் அடுத்த வழி.

நான்காவது, முன்னறிகுறி. அடிக்கடி கொட்டாவி, முகம் வெளிறுதல், குளிர்ந்த வியர்வை, வாயில் உமிழ்நீர் ஊறுதல் ஆகியவை வாந்திக்கு முன்னரே வரும். இவற்றைக் கண்டவுடனே பிள்ளையை இடம் மாற்றி அமர்த்த வேண்டும்.

இஞ்சியும் மாத்திரையும்

நம் பாட்டிமார் இஞ்சியை நம்பினர். அந்நம்பிக்கை முற்றிலும் வீண் அன்று. 1988இல் டென்மார்க்கில் கடற்படைப் பயிற்சி மாணவர் 80 பேரிடம் நடத்திய சோதனையில், இஞ்சித்தூள் உண்டவர்களுக்கு வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் குறைந்தன. ஆயினும் இஞ்சி எல்லாருக்கும் கைகொடுக்கும் என்று உறுதி கூற இயலாது.

மாத்திரையின் கதை சுவையானது. 1947இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தோல் தடிப்புக்காக ஒரு பெண்மணிக்குப் புதிய மருந்து ஒன்று தரப்பட்டது. டிராம் வண்டியில் ஏறினாலே குமட்டும் அவருக்கு, அம்மருந்து உண்ட நாட்களில் குமட்டல் வரவில்லை! மருத்துவர்கள் அவ்வாண்டின் இறுதியிலேயே ஜெர்மனிக்குச் சென்ற படைக்கப்பலில் அதைச் சோதித்துப் பயன் கண்டனர். டைமென்ஹைட்ரினேட் என்னும் அம்மருந்து இன்றும் வழக்கில் உள்ளது.

புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன் அதனை உண்ண வேண்டும். குமட்டல் தொடங்கினால் இரைப்பையின் இயக்கம் தளர்ந்துவிடும். அதன்பின் விழுங்கும் மாத்திரை எளிதில் உடலிற் சேராது. அது தூக்கத்தையும் தரும். ஆகவே நீரில் இறங்குவோரும் வண்டி ஓட்டுவோரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உடையோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்காமல் உண்ணலாகாது. பிள்ளைகளுக்கு ஆசிரியர் தாமே மாத்திரை தருதல் தவறு. பெற்றோரின் இசைவும் மருத்துவரின் அளவுக் குறிப்பும் தேவை.

நீரில் இறங்கும்போது

கண்ணாடியும் குழாயும் அணிந்து நீரின்மேல் குப்புற மிதக்கும் ஸ்நோர்க்கலிங்கில் தொடுவானம் கண்ணிற்படாது. உடலோ அலையோடு ஏறி இறங்கும். எனவே இடையிடையே தலையைத் தூக்கிக் கரையை நோக்க வேண்டும். குமட்டல் தோன்றினால் உடனே மல்லாந்து, மிதவையைப் பற்றிக்கொண்டு, குழாயை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். குழாயுக்குள் வாந்தி எடுத்தால் அது மூச்சில் கலந்து உயிருக்கே தீங்காகலாம். பலமுறை வாந்தி எடுத்துச் சோர்ந்தவர் அன்று நீரில் இறங்கவே கூடாது.

பெர்ஹெந்தியானிலும் தியோமானிலும் கரையிலிருந்தே நடந்து சென்று காணத்தக்க பவளங்கள் உள்ளன. படகு ஒவ்வாத பிள்ளைக்கு அவ்வழியைக் காட்டலாம். அன்று இது எனக்குத் தோன்றவில்லை.

பழகினால் தீரும்

நீண்ட பயணத்தில் இரண்டு மூன்று நாட்களில் மூளை புதிய நிலைக்குப் பழகிவிடும். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடிய ராஜுலா கப்பலில் வந்தவர் என் பாட்டி. “மூணு நாள் தலையே தூக்கல. நாலாம் நாள் எந்திரிச்சுக் கஞ்சி கேட்டேன்” என்பார். கரை இறங்கிய பின்னும் தரை ஆடியதாம். கடலுக்குப் பழகிய மூளை மீண்டும் தரைக்குப் பழகவேண்டுமல்லவா?

மறு ஆண்டு வேறொரு வகுப்பை அதே தீவுக்கு அழைத்துச் சென்றேன். பயிற்சித்தாள் இல்லை, தீவில் தெரியும் குன்றுகளை எண்ணச் சொன்னேன். இருவர் மட்டும் வாந்தி எடுத்தனர். எவரும் நகைக்கவில்லை, ஏனெனில் செவியின் கதையை முன்னரே வகுப்பில் விளக்கியிருந்தேன்.

பழைய மாணவனை அண்மையில் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் கண்டேன். இப்போது இடைநிலைப் பள்ளியில் பயில்கிறான். “தம்பி, அன்று படகில் நான் உன்னிடம் சொன்னது தவறு. குறை உன் மனத்தில் இல்லை, நான் கொடுத்த தாளில்தான் இருந்தது” என்றேன். அவன் சற்றே நாணிச் சிரித்து, “அடுத்த தடவை போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போங்க, ஐயா” என்றான். வரும் ஏப்ரலில் அழைத்துச் செல்வதாகக் கூறியிருக்கிறேன்.