குதிரானுக்குள் நகர்ந்த அம்பு

அண்ணன் மகன் கோயம்புத்தூரில் டாக்ஸி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், டீ டம்ளரைக் கையில் வாங்கியதுமே ஆரம்பித்துவிட்டான்.

"சித்தப்பா, திருச்சூருக்கு முன்னாடி குதிரான் சுரங்கம் வருதில்ல, அதுக்குள்ள போனா என் போன்ல அம்பு சில சமயம் நின்னுடுது, சில சமயம் அது பாட்டுக்கு ஓடுது. போன மாசம் ஒருத்தரோட பெரிய வண்டிய கொச்சிக்கு ஓட்டிட்டுப் போனேன். அதுல டேஷ்போர்டு மேப் சுரங்கத்துக்குள்ளயும் பிசகாம நகருது. மலையைத் துளைச்சுக்கிட்டு அதுக்கு மட்டும் சாட்டிலைட் எப்படித் தெரியுது?"

அதற்கும் தெரியாது என்றேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலை தரைக்கு வந்து சேரும்போது சுற்றியிருக்கும் ரேடியோ இரைச்சலைவிட மெலிந்திருக்கும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அதைப் பிரித்தெடுப்பதே பெரிய வித்தை. பாறைக்கு அடியில் அந்த வித்தையும் பலிக்காது. சுரங்கத்தில் நுழைந்ததும் இரண்டு வண்டிக்கும் வானம் அடைபட்டுவிட்டது. பெரிய வண்டி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்த வண்டி.

"ராத்திரி கரண்ட் போயிட்டா, கூடத்துல இருந்து அடுக்களைக்கு எப்படிப் போவே?" என்று கேட்டேன்.

"தடவிக்கிட்டே போவேன்."

அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தத் தடவலில் இரண்டு வேலை கலந்திருக்கிறது. இத்தனை எட்டு வைத்தோம், இந்தப் பக்கம் திரும்பினோம் என்று மனசு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே வருகிறது. நாலைந்து எட்டுக்குள் அந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும். அப்போது நீட்டிய கையில் கதவு நிலை படுகிறது. பட்டவுடன் பழைய பிசகெல்லாம் தீர்ந்து, அங்கிருந்து கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. செயற்கைக்கோளை நம்பாத வழிகாட்டும் முறைகள் பெரும்பாலும் இந்த இரண்டு வேலைகளின் கூட்டுத்தான். எண்ணிக்கொண்டே போவது ஒன்று, தெரிந்த ஒன்றைத் தொட்டுத் திருத்திக்கொள்வது இன்னொன்று.

பெரிய வண்டிக்கு எட்டு என்பது சக்கரச் சுற்று. பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் ஏற்கெனவே ஒரு உணரி இருக்கிறது. டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர் என்றால், சுற்றுகளை எண்ணித் தூரத்தைச் சொல்லிவிடலாம். திரும்புவதைச் சொல்ல ஒரு சின்ன ஜைரோ உண்டு.

போனிலும் ஜைரோ இருக்கிறது, ஆனால் அதற்குச் சக்கரம் கிடையாது. அதிலுள்ள முடுக்கமானி வண்டி வேகமெடுப்பதையும் குறைப்பதையும் உணரும்; அதைக் கூட்டிக் கூட்டித் தூரம் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் புவியீர்ப்பு குறுக்கே வருகிறது. முடுக்கமானிக்கு வண்டியின் உந்தலையும் பூமியின் இழுப்பையும் தனித்தனியாகப் பிரிக்கத் தெரியாது. ஸ்டாண்டில் போன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை ஒரே ஒரு டிகிரி தப்பாகக் கணித்தால் போதும், பூமியின் இழுப்பில் ஒரு சிறு பங்கு, வண்டி வேகமெடுப்பதைப் போல உள்ளே நுழைந்துவிடும். இந்தத் தப்பு நேரத்தின் வர்க்கமாக வளரும். பத்து விநாடியில் எட்டரை மீட்டர்தான். ஒரு நிமிடத்தில் சுமார் 300 மீட்டர்! ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள குதிரானைக் கடக்க உனக்கு ஒரு நிமிடம் ஆகும். அதனால் போன் பெரும்பாலும் இந்த வம்புக்கே போகாமல், கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்துக்கொண்டு அம்பை ஓட்டுகிறது. உள்ளே நீ பிரேக் போட்டால் அதற்கு எப்படித் தெரியும்?

விமானங்களில் இதே கணக்கைப் போடும் கருவிகள் பல மடங்கு துல்லியமானவை. அங்கே ஜைரோவுக்குச் சுழலும் சக்கரம்கூட இல்லை, லேசர் ஒளியே எதிரெதிர்த் திசைகளில் சுற்றி வந்து திருப்பத்தைச் சொல்கிறது. அப்படியிருந்தும் வெளியிலிருந்து திருத்தம் கிடைக்காவிட்டால் மணிக்கு ஒரு கடல் மைல் அளவுக்குப் பிசகலாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், எண்ணிக்கை மட்டும் போதாது. கதவு நிலை வேண்டும்.

கார் விஷயத்தில் அந்த நிலையை அழகாகக் கண்டுபிடித்தவர்களைப் பற்றி நான் பேசிக்கொண்டே இருப்பேன். 1985-இல் கலிபோர்னியாவில் ஈடாக் நேவிகேட்டர் என்ற கருவி விற்பனைக்கு வந்தது. ஜிபிஎஸ் முழுமையாக இயங்கத் தொடங்கியது 1995-இல். அதற்குப் பத்து வருஷம் முன்னால்! சக்கரங்களில் உணரிகள், ஒரு மின்காந்தத் திசைகாட்டி, டேஷ்போர்டுக்குப் பக்கத்தில் பச்சைக் கோடுகளால் வரையும் சின்னத் திரை. வரைபடம் இருந்தது டேப் கேசட்டில். ஊரின் ஒரு பகுதியைத் தாண்டினால், பாட்டுக் கேசட் மாற்றுவதுபோல வேறு கேசட் போட வேண்டும்.

அதன் உயிர் வரைபடத்தில் இருந்தது. டயர் தேய்ந்து ஆரம் 5 மில்லிமீட்டர் குறைந்திருந்தால், பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் கணக்கு 160 மீட்டருக்கு மேல் பிசகும். ஆனால் கார் சாலையில்தான் போகும், வீட்டுக் கூரைமேல் போகாது. நீ வலப்பக்கம் திரும்பியதாக உணரிகள் சொல்கின்றன. கணக்கின்படி நீ இருக்கும் இடத்திலோ திருப்பமே கிடையாது, 40 மீட்டர் தள்ளி ஒன்று இருக்கிறது. அப்படியானால் நீ அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறாய். அம்பை அங்கே நகர்த்தி, பிசகை அழித்துவிடுகிறது. ஒவ்வொரு முறை ஸ்டியரிங் ஒடிக்கும்போதும் ஒரு நிலையைத் தொடுகிற மாதிரி. நேர்ச் சாலையில் மெல்லச் சேரும் தப்பு, முச்சந்தியில் தீர்ந்துபோகும். எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து சாலைத் திருப்பங்கள் மேல் ஒரு தனி மரியாதை.

அந்தத் திரையில் இன்னொன்று. வண்டியைக் குறிக்கும் அம்பு அசையாது. வரைபடம்தான் அதற்குக் கீழே நகரும், சுழலும். இன்று எல்லாப் போனிலும் பார்க்கிற காட்சிதான். ஈடாக் என்ற பெயரே அங்கிருந்து வந்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டான் ஹனி பாய்மரப் பந்தயங்களில் வழிகாட்டியாகப் போகிறவர். பசிபிக் கடலில் கரோலின் தீவுகளின் மாலுமிகள் வைத்திருக்கும் முறைக்குப் பெயர் ஈடாக். அவர்கள் மனசில் படகு நின்ற இடத்தில் நிற்கும். பக்கவாட்டில், கண்ணுக்கே எட்டாத தூரத்தில், புறப்பட்டதும் போய்ச் சேர்வதும் அல்லாத மூன்றாவது தீவொன்று, அடிவானத்தில் ஒரு நட்சத்திரத்துக்குக் கீழிருந்து அடுத்த நட்சத்திரத்துக்குக் கீழே பின்னோக்கி நகரும். அது எத்தனை நட்சத்திரம் கடந்தது என்பதே பயணத்தின் அளவு. அந்தத் தீவுகளில் ஒன்றான சதவாலைச் சேர்ந்த மவ் பியைலக், 1976-இல் எந்தக் கருவியும் இல்லாமல் ஹவாயிலிருந்து தாஹிட்டிக்கு ஹோகுலேயா என்ற படகுக்கு வழிகாட்டினார். ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு மாதம்.

"அதெல்லாம் சரி, சுரங்கம் ஒரு நிமிஷம். அதுக்கா இவ்வளவும்?" என்றான்.

ஒரு நிமிஷம் இல்லை. 2012-இல் அமெரிக்காவின் நெவார்க் விமான நிலையத்தில், முதலாளி தன்னைக் கண்காணிக்கக் கூடாது என்று ஒரு ஓட்டுநர் வண்டியில் ஜிபிஎஸ்ஸை மறைக்கும் சின்னக் கருவி வைத்திருந்தார். விமானம் தரையிறங்க உதவும் அமைப்பே அதனால் தடுமாறியது. மறு வருஷம் 31,875 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, அலை அவ்வளவு மெலிது. வேண்டுமென்றே செய்பவர்கள் இன்னும் தூரம் போகிறார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் ஃபின்ஏர் நிறுவனம் எஸ்டோனியாவின் டார்ட்டு நகருக்கு ஒரு மாதம் விமானத்தையே நிறுத்தியது. அங்கே தரையிறங்கும் முறை ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பியிருந்தது. குறுக்கீட்டால் விமானங்கள் ஹெல்சிங்கிக்குத் திரும்ப வேண்டி வந்தது. தரையிலுள்ள ரேடியோ நிலையங்களை வைத்து இறங்கும் முறையை ஏற்பாடு செய்த பிறகே போக்குவரத்து மீண்டது. அதுவும் ஒரு கதவு நிலைதான். வட கொரியா அலைகளைக் குலைத்ததால் மீன்பிடிப் படகுகள் நூற்றுக்கணக்கில் கரை திரும்பியதைப் பார்த்த தென் கொரியா, லோரான் என்ற இரண்டாம் உலகப் போர்க்கால ரேடியோ வழிகாட்டு முறையைப் புதுப்பித்துக் கட்டியது. தரையிலிருந்து வரும் அந்த அலை ஜிபிஎஸ்ஸைவிடப் பல லட்சம் மடங்கு வலுவானது. அமெரிக்காவோ தன் லோரானை 2010-இல் செலவு மிச்சம் என்று அணைத்துவிட்டது. தப்பான முடிவு என்றே நினைக்கிறேன்.

டீ ஆறிப்போயிருந்தது. அவன் வேறு யோசனையில் இருந்தான்.

"சித்தப்பா, டயர் தேய்ஞ்சாலே கணக்கு தப்பும்னா, புது டயர் மாத்தினா அந்த வண்டி குழம்பிடாதா?"

நல்ல கேள்வி. வெட்டவெளியில் செயற்கைக்கோள் நன்றாகத் தெரியும்போது அந்த வண்டி சும்மா இருப்பதில்லை. ஜிபிஎஸ் ஒரு கிலோமீட்டர் என்கிறது, நம் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று ஒப்பிட்டுப் பார்த்து, தன் டயர் அளவைத் தானே திருத்திக்கொண்டே வரும். ஜைரோவின் பிசகையும் அப்படித்தான். புது டயர் போட்டால் கொஞ்ச தூரம் திறந்த சாலையில் ஓடியதும் பழகிவிடும். வெளிச்சம் இருக்கும்போதே அடுக்களைக்கு எத்தனை எட்டு என்று எண்ணி வைத்துக்கொள்கிற மாதிரி.

"அப்போ பாலக்காட்டுல டயர் மாத்திட்டு நேரா குதிரானுக்குப் போனா?"

"நடுவுல நாப்பது கிலோமீட்டராவது திறந்த ரோடு இருக்குடா. அதுக்கு அது தாராளம்."