சொந்த மனைதானே... வீடு கட்ட அனுமதி எதற்கு?

மகனுக்குக் கல்யாணம் கூடிவந்தால் மாடியில் ஓர் அறை எழுப்புவதும், பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போடுவதும் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வழக்கம்தான். ‘நம்ம இடம், நம்ம பணம், யாரைக் கேட்கணும்?’ என்று வேலையைத் தொடங்கிவிடுபவர்களும் உண்டு. சிக்கல் பெரும்பாலும் வங்கிக் கடனுக்குப் போகும்போதோ, வீட்டை விற்கும்போதோதான் தெரியவரும்.

தமிழகம் முழுவதற்கும் பொருந்தும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 முதல் நடைமுறையில் உள்ளன. நகராட்சியான அருப்புக்கோட்டைக்கும், சுற்றியுள்ள பேரூராட்சிகளுக்கும், கிராம ஊராட்சிகளுக்கும் இவையே அடிப்படை.

எதற்கு அனுமதி வேண்டாம்?

வெள்ளையடிப்பது, பெயின்ட் அடிப்பது, பூச்சு வேலை, தரைக்கு டைல்ஸ் பதிப்பது, உடைந்த ஓட்டை மாற்றுவது போன்ற பராமரிப்பு வேலைகளுக்கு அனுமதி தேவையில்லை.

எதற்குக் கட்டாயம்?

புது வீடு, கூடுதல் அறை, மாடி ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டும். ஓடு மாற்றுவது பராமரிப்பு. ஓட்டைப் பிரித்து கான்கிரீட் தளம் போடுவது கட்டுமானம். வீட்டின் ஒரு பகுதியைக் கடையாக மாற்றினாலும் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி பெற வேண்டும்.

வீட்டு வரி ரசீது இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வரி கட்டியதாலேயே அனுமதியில்லாத கட்டடம் முறையானதாகிவிடாது. அதேபோல, நத்தம் பட்டா இடத்தின் உரிமையைத்தான் காட்டும். அது கட்டட அனுமதி ஆகாது.

சிறிய வீட்டுக்குச் சுலப வழி

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு மாடி மட்டுமே உள்ள குடியிருப்பு என்றால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களைப் பதிவேற்றி, கட்டணம் செலுத்தி உடனே அனுமதி பெறலாம். கொடுக்கும் விவரங்களுக்கு விண்ணப்பிப்பவரே பொறுப்பு.

முதலில் மனையைப் பாருங்கள்

மனை வாங்கும்போதே அது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் உள்ளதா என்று பார்ப்பது நல்லது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனையான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதிகள் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட மனை என்றால், வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

வானம் பார்த்த இந்தப் பூமியில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பல ஆண்டுகள் தண்ணீர் காணாத கண்மாயும் ஊருணியும் பார்வைக்கு வெறும் பொட்டல்தான். ஆனால், வறண்டு கிடப்பதால் கண்மாய் மனையாகிவிடாது. வருவாய்த்துறைப் பதிவில் நீர்நிலை என்று இருந்தால், அங்கே கட்டுவது ஆக்கிரமிப்பு. 2007-ம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அதை அகற்றலாம். ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்துவிட்டே முன்பணம் கொடுக்க வேண்டும்.

வரைபடத்தால் என்ன லாபம்?

கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் சரியில்லாவிட்டால் சுவரும் கூடவே வெடிக்கும். அனுமதிக்காக வரைபடம் போடும் பொறியாளரிடமே மண்ணைக் காட்டி அஸ்திவார ஆழத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 930 லிட்டர். குடத்தோடு அலையும் ஊருக்கு அது சின்ன அளவல்ல.

அனுமதியின்றிக் கட்டினால் 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி நோட்டீஸ் வரலாம், வேலையை நிறுத்தச் சொல்லலாம், சீல் வைக்கலாம், இடிக்கவும் உத்தரவிடலாம். ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தைச் செங்கல்லாக அடுக்குவதற்கு முன், நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் ஒருமுறை விசாரிப்பதுதான் வீட்டுக்குப் போடும் முதல் அஸ்திவாரம்.