வாசலில் வந்து நின்ற பூந்தொட்டி... கோர்ட்டுக்குப் போன லண்டன் தெருவாசிகள்!

பெரிய மரப்பெட்டி. உள்ளே மண், மேலே நான்கைந்து செடிகள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், காலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அது தெருவின் நடுவே வழியை மறித்துக்கொண்டு நின்றால்? 2020-ம் ஆண்டு கோடையில் லண்டன்வாசிகள் பலருக்கு இதுதான் நடந்தது.

அது கொரோனாவின் முதல் வருடம். பஸ்ஸிலும் ரயிலிலும் நெருக்கியடித்துப் போக முடியாது. எல்லோரும் காரை எடுத்தால் ஊர் தாங்காது. அதனால் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் தெருவை ஒதுக்கித் தரச் சொல்லி, அந்த மே மாதம் பிரிட்டன் அரசு 25 கோடி பவுண்டை அறிவித்தது. நம்மூர் மாநகராட்சி போல அங்கே இருக்கும் கவுன்சில்கள் அவசர அவசரமாக வேலையில் இறங்கின. குடியிருப்புத் தெருக்கள் பல, 'குறைந்த போக்குவரத்துப் பகுதி' என்று வகை மாற்றப்பட்டன.

இப்படி மாற்றப்பட்ட தெருவில் குடியிருப்பவர்கள் காரில் வந்து போகலாம். குப்பை லாரியும் டெலிவரி வேனும்கூட வரலாம். ஆனால், ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும் குறுக்குவழி வேலை மட்டும் நடக்காது. நடுவில் பூந்தொட்டி நிற்கும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போக வேண்டிய இடங்களில் தொட்டிக்குப் பதிலாகக் கேமரா இருக்கும். கேமராவில் மாட்டினால் அப்போது 130 பவுண்ட் அபராதம். 14 நாளுக்குள் கட்டினால் பாதி.

நோக்கத்தில் தவறில்லை. மெயின் ரோட்டில் நெரிசல் என்றதும் செல்போனில் இருக்கும் வழிகாட்டி ஆப், வண்டிகளைச் சந்துபொந்துகளுக்குள் திருப்பிவிடுகிறது. யாரோ நான்கு நிமிடம் மிச்சம் பிடிக்க, குழந்தைகள் விளையாடும் தெருவுக்குள் வரிசையாகக் கார்கள் பாய்கின்றன. இதைத் தடுக்க வேண்டும் என்று கேட்டவர்களும் அதே தெருக்களில் வசித்த பெற்றோர்கள்தான்.

கோபத்தைக் கிளப்பியது செய்த விதம். பிரிட்டன் சட்டத்தில் 'சோதனை உத்தரவு' என்று ஒன்று இருக்கிறது. அதை வைத்து 18 மாதம் வரை ஒரு போக்குவரத்து மாற்றத்தை நடத்திப் பார்க்கலாம். ஆட்சேபனைகளை முதல் 6 மாதத்தில் சொல்லலாம். அதாவது, முதலில் தொட்டியை வைப்பார்கள், அப்புறம்தான் கருத்துக் கேட்பார்கள்!

தோசைக் கடைகளும் இலங்கைத் தமிழர்களின் மளிகைக் கடைகளும் நிறைந்த டூட்டிங் பகுதியில் ஆகஸ்டில் வைத்த தடுப்புகளை, எதிர்ப்புக்குப் பயந்து செப்டம்பரிலேயே நிறுத்திவைத்தது வாண்ட்ஸ்வொர்த் கவுன்சில். ஈலிங்கில் மக்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டார்கள். மறு வருடம் கருத்துக் கேட்டபோது எதிர்ப்பே அதிகம் வர, பெரும்பாலான தடுப்புகளைக் கவுன்சில் எடுத்துவிட்டது. சில ஊர்களில் தொட்டிகளைக் கவிழ்த்தார்கள், கேமரா வயர்களை அறுத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் நட்ட தடுப்புக் கம்பங்கள் திரும்பத் திரும்ப உடைக்கப்பட்டன.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. வால்தம்ஸ்டோவில் 2015-ல் இப்படி ஒரு கடைவீதியைத் திறந்துவைத்த அன்று, 'எங்கள் வியாபாரம் செத்தது' என்று சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்று அதே வீதி காபிக் கடைகளோடு கலகலப்பாக இருக்கிறது. அப்படியானால், எதிர்த்தவர்கள் எல்லாம் விவரம் புரியாதவர்களா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. உள்தெருவில் மறிக்கப்பட்ட கார் ஆவியாகிவிடுவதில்லை. பக்கத்து மெயின் ரோட்டுக்குப் போகிறது. அங்கேயும் வீடுகள் இருக்கின்றன. பெரும்பாலும் கடைகளுக்கு மேலே இருக்கும் சின்னச் சின்ன வாடகை வீடுகள். லண்டனில் 46 பகுதிகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், உள்தெருக்களில் போக்குவரத்து கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. எல்லைச் சாலைகளில் சராசரியாகக் கூடியது 1 சதவிகிதத்துக்கும் குறைவுதான். பகுதிக்குள் விபத்துக் காயங்கள் 35 சதவிகிதம் குறைந்ததாக 2025-ல் வெளியான இன்னோர் ஆய்வு சொல்கிறது. இவை பெரிய லாபங்கள்தான். ஆனால், சராசரி என்பதில் நெரிசல் குறைந்த சாலையும் இருக்கும், கூடிய சாலையும் இருக்கும். கூடிய சாலையில் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குச் சராசரியால் என்ன பயன்?

லாம்பெத் கவுன்சிலுக்கு உட்பட்ட ஸ்ட்ரெத்தமில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. அங்கே தெருக்களை அடைத்த பிறகு, 3 மைலுக்கும் குறைவான தூரத்தைக் கடக்க ஒரு பஸ்ஸுக்கு 2 மணி நேரம் ஆனது. நடந்தே போயிருந்தால் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கலாம். கார் இல்லாமல் பஸ்ஸில் போகிறவர்களே மாட்டிக்கொண்டார்கள். மேயர் சாதிக் கான் தலையிட, 2024 மார்ச்சில் திட்டம் நிறுத்தப்பட்டது.

அதே லாம்பெத்தின் வேறு பகுதிகளில் போட்ட தடுப்புகளால் தன் பயணங்கள் நீண்டுபோய்த் தவிப்பதாக, நடமாடச் சிரமப்படும் ஒரு பெண் அதற்கு முன்பே வழக்குப் போட்டிருந்தார். 2021-ல் கவுன்சில் பக்கமே தீர்ப்பானது.

அடுத்து அந்தக் கவுன்சில் கைவைத்தது வெஸ்ட் டல்விச் பகுதியில். வண்டிகள் வேறு சாலைகளில் போய் அடைத்துக்கொள்ளும் என்று பயந்த தெருவாசிகள், கொடி பிடிப்பதற்கு முன்னால் வீட்டுப்பாடம் செய்தார்கள். என்னென்ன பாதிப்பு வரும் என்பதை 53 பக்கங்களில் தொகுத்து, கவுன்சிலிடம் கொடுத்தார்கள். 2024 இலையுதிர் காலத்தில் தடுப்பும் கேமராவும் வந்தேவிட்டன.

தெருவாசிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 மே மாதம் தீர்ப்பு. அவர்கள் வைத்த 3 வாதங்களில் 2 தள்ளுபடி. மூன்றாவது ஜெயித்தது. அந்த 53 பக்கங்களைக் கவுன்சில் கருத்தில் எடுத்துக்கொள்ளவே இல்லை, அது கடுமையான தவறு, ஆகவே முடிவு சட்டப்படி செல்லாது என்றார் நீதிபதி.

தெருவை அடைப்பது நல்லதா, கெட்டதா என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆதரித்தவர்களுக்கு இதில் ஏமாற்றம்தான். அமைதியான தெரு அவர்கள் கைக்கு வந்து நழுவியது, கவுன்சில் ஒரு கட்டுக் காகிதத்தைப் புரட்டிப் பார்க்காததால்!

இதற்கிடையே ஒரு வேடிக்கை. அரசு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி வகை மாற்றப்பட்ட பகுதிகளில் வசிப்பவர்களில் 58 சதவிகிதம் பேருக்குத் தங்கள் தெரு அந்த வகையில் சேர்ந்துவிட்டதே தெரிந்திருக்கவில்லை.

வெஸ்ட் டல்விச்சில் தடுப்புகள் போய்விட்டன. அந்தச் சில மாதங்களில் கேமராவில் மாட்டி அபராதம் கட்டியவர்கள் இருக்கிறார்களே... 'செல்லாத உத்தரவுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்' என்று அடுத்த கோரிக்கையைக் கையில் எடுத்தார்கள் தெருவாசிகள்.