தள்ளாடி நடந்தால் குடிகாரரா?

கேமரன் மலையில், திரிங்காப் பக்கம் சரிவுகளில் வேலை செய்பவர்களுக்குக் கால் நிதானம் முக்கியம். தேயிலையோ காய்கறியோ, ஓர் அடி பிசகினால் உருள வேண்டியதுதான். அப்படிப்பட்ட இடத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் தள்ளாடினால், பேச்சு குழறினால், ஊர் உடனே தீர்ப்பு சொல்லிவிடும்: "போட்டுட்டு வந்திருக்கான்." குடி இல்லையென்றால் வயசு, அதுவும் இல்லையென்றால் செய்வினை. இந்தப் பட்டியலில் பலரும் சேர்க்காத ஒரு காரணம் உண்டு. அது மைட்டோகாண்ட்ரியா நோய்.

உடம்பில் என்ன நடக்கிறது?

சாப்பிட்ட உணவைச் செல்லுக்குத் தேவையான சக்தியாக மாற்றுவது மைட்டோகாண்ட்ரியா. அது பழுதானால், அதிகச் சக்தி கேட்கும் மூளை, தசை, இதயம், கண், காது ஆகியவை முதலில் தடுமாறும். சிறுமூளை பாதிக்கப்பட்டால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். சிலருக்குக் கைகால் திடீரெனத் தூக்கிப் போடும். சிலருக்குத் தசை முறுக்கிக்கொள்ளும். இன்னும் சிலருக்குப் பார்க்கின்சன் நோய் போலவே விறைப்பும் நடுக்கமும் வரும்.

1962இல் சுவீடன் மருத்துவர் ரோல்ஃப் லுஃப்ட் குழுவினர் இவ்வகை நோயை முதன்முதலில் விவரித்தார்கள். இவ்வகை நோய்களுக்குக் காரணமான மரபணு மாற்றங்கள் முதன்முதலில் 1988இல் அடையாளம் காணப்பட்டன. உலக அளவில் சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதில் தொடர்ந்து ஆய்வு செய்து வருகிறது.

அம்மா வழியைக் கேளுங்கள்

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு, மொத்தம் 37 மரபணுக்கள். அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிறது. அதனால் பாட்டிக்குச் சர்க்கரை, பெரியம்மாவுக்கு இளவயதிலேயே காது மந்தம், மாமாவுக்கு வலிப்பு, நமக்குத் தள்ளாட்டம் என்று வந்தால், நான்கும் ஒரே வேரிலிருந்து வந்திருக்கலாம். ஒரே குடும்பத்திலும் பாதிப்பு ஆளுக்கு ஆள் மாறுபடும். இதில் தாயின் குற்றம் எதுவுமில்லை. 'போல்-ஜி' போன்ற சில மரபணுக்களின் பழுது அப்பா வழியாகவும் வரலாம்.

கை நடுங்கும் எல்லோருக்கும் இந்த நோய் என்று பயப்பட வேண்டாம். தைராய்டு, மருந்தின் பக்கவிளைவு, பார்க்கின்சன் என்று காரணங்கள் ஏராளம். ஆனால் நடுக்கத்தோடு கண் இமை தொங்கல், காது மந்தம், சர்க்கரை, வலிப்பு, சீக்கிரமே சோர்ந்துபோதல் ஆகியவற்றில் சிலவும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். காதுக்கு ஒரு கிளினிக், சர்க்கரைக்கு ஒரு கிளினிக் என்று தனித்தனியாகப் போனால் தொடர்பு பிடிபடாது.

எங்கே போவது?

அருகிலுள்ள அரசு கிளினிக்கிலோ தானா ராத்தா மருத்துவமனையிலோ தொடங்குங்கள். நரம்பியல் நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபணுவியல் பிரிவு வரை அனுப்புவார்கள். ரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன், மரபணுச் சோதனை, சிலருக்குத் தசைத் துணுக்குச் சோதனை ஆகியவை மூலம் நோயை உறுதி செய்வார்கள்.

பெரும்பாலான வகைகளுக்கு முழுக் குணம் இன்னும் இல்லை. ஆனாலும் பெயர் தெரிவதால் பலன் உண்டு. விறைப்புக்கும் உதறலுக்கும் மருந்து இருக்கிறது. இதயத்தை முன்கூட்டியே சோதிக்கலாம். வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயேட் மருந்து, 'போல்-ஜி' பழுதுள்ளவர்களின் கல்லீரலை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குப் பாதிக்கக்கூடும், அதைத் தவிர்க்கலாம். அதற்காக, சாப்பிட்டுவரும் மருந்தை யாரும் சொந்த முடிவில் நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த முறை கிளினிக் போகுமுன், அம்மா வழி உறவினர் யார் யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். பாட்டி உயிரோடு இருந்தால் இந்த வாரமே கேட்டு வையுங்கள்.