சாளையில் தனியாக இருப்பவருக்கு ரிவால்வரா, பிஸ்டலா?

நவக்கரைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: ‘பிள்ளைகள் இருவரும் வெளியூரில். நானும் வீட்டம்மாவும் மட்டும் தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொரு சாளை கிடையாது. பல்லடம், சிவகிரி சம்பவங்களுக்குப் பிறகு ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. கைத்துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப்போடலாம் என்று இருக்கிறேன். இடுப்பில் வைத்துக்கொள்ளச் சின்ன ரிவால்வர் நல்லதா, பிஸ்டல் நல்லதா? ஆனை, பன்றி வந்தாலும் அது ஆகுமா?’

வாடல் நோய்க்கும் வெள்ளை ஈக்கும் மருந்து கேட்டு வருகிற கடிதங்களுக்கு நடுவே இப்படி ஒன்று. பயப்படாதீர்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிட முடியாது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025-ல் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதி. நம் பக்கத்துச் சாளைகளில் இருப்பவர்களுக்கு இது பேப்பர் செய்தி மட்டும் அல்ல. பயிர்ச் சேதம் பார்க்கப் போகிற இடங்களில் எல்லாம் துப்பாக்கிப் பேச்சும் வந்துவிடுவதால், சட்டத்தையும் கருவியையும் பற்றி நானும் கேட்டும் படித்தும் தெரிந்து வைத்திருக்கிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். யானைக்கும் பன்றிக்கும் கைத்துப்பாக்கி ஆகாது. பொதுமக்களுக்குக் கிடைக்கிற .32 தோட்டா, யானையைக் கோபப்படுத்துவதற்கு மட்டும்தான் உதவும். காட்டுப்பன்றியின் தோள்பட்டைத் தோல் தடிமன். காயம்பட்ட பன்றி ஓடாது, திரும்பிப் பாயும். சட்டமும் அப்படித்தான். யானை வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை எதுவும் செய்யக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதைத் தாண்டினால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான். எட்டிமடை, பிச்சனூர், நவக்கரையில் எத்தனை தோட்டம் அந்த 3 கிலோமீட்டருக்கு வெளியே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மதுக்கரை ரயில் பாதையில் யானையைக் கண்டுபிடிக்க 2024-ல் கேமரா கோபுரங்கள் வைத்தார்கள். யானை வருவதை முன்கூட்டித் தெரிந்துகொண்டு ஒதுங்குவதுதான் அங்கேயும் வழி.

இனி மனிதனுக்கு எதிரான காவலுக்கு வருவோம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

நம்மைப் போன்றவர்களுக்கு 9 மில்லிமீட்டர், .38 ரகங்கள் கிடையாது. அவை தடை செய்யப்பட்ட ரகம். கிடைப்பது பெரும்பாலும் .32 தான். ரிவால்வர் என்றால் கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்வது. 6 தோட்டா கொள்ளும். டெல்லி கொடூரத்துக்குப் பிறகு, பெண்களை மனதில் வைத்து 2014-ல் ‘நிர்பீக்’ என்று அரைக் கிலோ எடையில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அப்போதே அதன் விலை 1.2 லட்சத்துக்கு மேல். பிஸ்டல் என்றால் ‘அஷானி’, மேற்கு வங்கத்தில் செய்வது. இரண்டும் .32 என்று எழுதியிருந்தாலும் தோட்டா வேறு வேறு. ரிவால்வர் தோட்டா நீளம், அடியில் விளிம்பு இருக்கும். பிஸ்டல் தோட்டா குட்டை. ஒன்றை மற்றதில் போடக்கூடாது. 2025 செப்டம்பரிலிருந்து கைத்துப்பாக்கிக்கு ஜி.எஸ்.டி. 40 சதவிகிதம், டிராக்டருக்கு 5 சதவிகிதம். எதை வாங்கச் சொல்கிறார்கள் என்பது அதிலேயே தெரிகிறது!

ரிவால்வரைக் கைத்தெளிப்பான் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பாகம் குறைவு, மூடிக்கிடந்தாலும் எடுத்தால் வேலை செய்யும். உருளையைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா, இல்லையா என்பது ஆறு குழியிலும் கண்ணுக்குத் தெரியும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலும், விசையை மறுபடி இழுத்தால் அடுத்த குழி வந்து நிற்கும். குறை என்ன? விசை கனம். வயதான விரலுக்கு அந்த இழுப்பிலேயே குறி விலகும். உருளை புடைத்துக்கொண்டு இடுப்பில் உறுத்தும்.

பிஸ்டல் தட்டை. சட்டைக்குள் மறைந்துவிடும். ஏழெட்டுத் தோட்டா மேகசினில் போகும், விசையும் லேசு. ஆனால் மேல்தகட்டைப் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். மூட்டுவலிக் கைக்கு அது சிரமம். சிக்கிக்கொண்டால் எடுத்துவிடப் பழக்கம் வேண்டும். இன்னொரு ஆபத்துதான் பெரிது. மேகசினைக் கழற்றியதும் காலி என்று நினைப்போம், குழலுக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். துடைக்கும்போது வெடித்தது என்று கேள்விப்படுகிற விபத்துகளில் பல இந்த ஒற்றைத் தோட்டாவால் நடப்பவைதான்.

மதுக்கரை ராணுவச் சுடுதளத்துச் சத்தம் கேட்டே வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். கையில் துப்பாக்கியோடு வாழ்கிற சிப்பாயே விடாமல் பழகுகிறார் என்பதுதான் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம். மாதம் ஒரு தடவையாவது ரைஃபிள் கிளப்புக்குப் போய்ப் பழகுவேன் என்பவர் பிஸ்டலைப் பார்க்கலாம். ஆயுத பூஜைக்கு எடுத்துத் துடைத்துப் பொட்டு வைப்பதோடு சரி என்றால் ரிவால்வர்தான். வேறு பேச்சே இல்லை.

ஆனால் இடுப்பில் எதற்கு?

கடிதத்தில் எனக்கு இடித்தது இதுதான். இடுப்பில் சுமப்பது, பணத்தோடு பயணம் போகிறவருக்கு. கொப்பரை வியாபாரி, மண்டிக்காரர் ராத்திரியில் திரும்புகிறார் என்றால் புரிகிறது. வேட்டி கட்டி, மடை திருப்பக் குனிந்து நிமிர்கிற நமக்கு அது எங்கே நிற்கும்? வாய்க்காலில் விழும், வேர்வையில் துருப்பிடிக்கும். பொது இடத்தில் உறையில் போட்டு, வெளியே தெரியாமல் மறைத்து, தன் பிடியில் வைத்திருக்க வேண்டும் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. டீக்கடை பெஞ்சில் எடுத்து வைத்துக் காட்டினால் லைசென்ஸ் போய்விடும்.

சாளைக்குள் வருகிறவன் நீங்கள் தூங்கும்போது வருகிறான். அந்த நேரம் துப்பாக்கி பூட்டிய பீரோவில் இருக்கும், இருக்கவும் வேண்டும். தலையணைக்கடியில் வைத்தால் லீவுக்கு வந்த பேரன் எடுப்பான். லைசென்ஸ் ஒருவர் பேரில்தான். நீங்கள் சந்தைக்குப் போன நேரத்தில் அது வீட்டம்மாவுக்கு உதவாது. வெளியே போயிருக்கும்போது திருட்டுப் போனால், திருடன் கையில் ஆயுதத்தைக் கொடுத்தது போல ஆகும்.

சட்டமே ஒரு வித்தியாசம் வைத்திருக்கிறது, நிறையப் பேர் கவனிப்பதில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவைப் பாருங்கள். 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே வரியில்லாத துப்பாக்கியைப் பாதுகாப்புக்குக் கேட்டாலோ, மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியைப் பயிர்க் காவலுக்குக் கேட்டாலோ, மறுப்பதற்குச் சட்டத்தில் சொன்ன காரணம் இருந்தாலொழிய அதிகாரி கொடுக்க வேண்டும். ரிவால்வர், பிஸ்டல் கேட்டால் நிலைமை வேறு. தக்க காரணம் இருக்கிறது என்று அவர் திருப்திப்பட்டால்தான் தருவார். ஆக, வீட்டுக் காவலுக்கு என்றே கேட்பவருக்கு ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல் 12 போர் கிடைப்பது சுலபம். தோளில் ஊன்றிப் பிடிப்பதால் நடுங்கும் கைக்கும் அதுதான் ஒத்துவரும். பார்த்தாலே எதிரிக்குத் தெரியும், வேட்டியில் சொருக முடியாது. என்னைக் கேட்டால் நவக்கரை வாசகர் ஏதாவது துப்பாக்கி வாங்கியே தீருவேன் என்றால், அதைத்தான் வாங்க வேண்டும். கைத்துப்பாக்கி வேண்டாம்.

விண்ணப்பிக்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கலெக்டரிடம் கொடுக்க வேண்டும், மாநகரப் போலீஸ் எல்லை என்றால் கமிஷனரிடம். போலீஸ் விசாரணை உண்டு, கையாளும் பயிற்சிச் சான்றும் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 ஆண்டுக்கு, ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. தேர்தல் அறிவித்தால் பொதுவாக ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த நாட்களில் சாளைக்கு வேறு காவல்தான்.

எப்போது சுடலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-வது பிரிவுப்படி, சொத்தைக் காக்க உயிர்ச்சேதம் வரை போகும் உரிமை எல்லாத் திருட்டுக்கும் கிடையாது. வழிப்பறி, கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீடு உடைத்து நுழைவது, உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் நிலை, இப்படிச் சிலதுக்குத்தான். ராத்திரி தோப்பில் தேங்காய் பறிக்கிறவனையோ மோட்டார் ஒயர் அறுக்கிறவனையோ சுட்டால் உள்ளே போவது நீங்கள்தான்.

அப்படியானால் ராத்திரிக்கு என்ன செய்வது? தூக்கத்திலிருந்து உங்களை எழுப்புகிற ஏற்பாடு முதலில் வேண்டும். ஆள் நடமாடினால் தானே எரிகிற விளக்கு நாலு மூலையிலும், வாசலில் சங்கிலியில் கட்டாத நாய் இரண்டு, உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள இரும்புக் கதவு, பக்கத்துச் சாளைகளுக்குக் கேட்கிற சைரன், கட்டில் பக்கத்திலேயே போன், அதில் 112. சிவகிரிக்குப் பிறகு தோட்டத்து வீடுகளுக்குப் போலீஸ் ரோந்து வருகிறது. உங்கள் சாளை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஸ்டேஷனில் கேட்டு, இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு ரிவால்வர் விலையில் இதெல்லாம் முடிந்து, சொட்டுநீர்க் குழாய் மாற்றவும் மீதி இருக்கும்.

இதே விஷயமாக இன்னொரு வாசகி, இறந்துபோன மாமனாரின் இரட்டைக் குழல் துப்பாக்கி அட்டாலியில் கிடக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அம்மணி, அதைத் தொட்டுப் பார்க்கவோ விற்கவோ வேண்டாம். தோட்டா உள்ளே இருக்கலாம். ஸ்டேஷனில் தகவல் சொல்லி, தாமதிக்காமல் அங்கேயோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசு ஒருவர் தன் பேரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு. லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். பழைய லைசென்ஸ் புத்தகத்தை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.