கச்சான் காற்றுக்கு எதிரே ஒரு மூங்கில் புதர்

குச்சவெளிப் பக்கத்து வளவுகளில் பனையும் தென்னையும் நிற்கும், வேலிக்குப் பூவரசங்கதியால். அழகுக்காக மூங்கில் வைப்பது இன்னும் அரிது. வைக்க ஆசைப்படுகிறவர்களையும் ஒரு பயம் தடுக்கிறது: "வேர் ஓடிப்போய் அடுத்த வீட்டுக்குள்ளே முளைக்குமாமே?"

அந்தப் பயம் குளிர்நாட்டுத் தோட்டங்களில் பிறந்தது. 1896இல் பிரீமன் மிட்போர்டு 'தி பாம்பூ கார்டன்' என்ற நூலை வெளியிட்ட காலத்தில் இங்கிலாந்தில் மூங்கில் மோகம் பரவியிருந்தது. சீன, ஜப்பானிய இனங்களில் பல, பனியைத் தாங்கும். ஆனால் அவற்றின் கிழங்குத்தண்டு மண்ணுக்கடியில் நீண்டு ஓடும். அதை மறிக்கத் தடித்த பிளாஸ்ரிக் தகட்டை ஆழமாகப் புதைக்கிறார்கள்.

நம் மஞ்சள் மூங்கில் அந்தச் சாதியல்ல. நின்ற இடத்திலேயே கொத்தாகப் பெருகும். பேராதனைப் பூங்காவில் மகாவலிக் கரையோரம் வானளாவி நிற்கும் பர்மிய இராட்சத மூங்கிலும் இதே குணம்தான்.

மழை பிடித்ததும் குருத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். எவ்வளவு பருமனில் மண்ணை விட்டு வருகிறதோ அதுதான் அதன் ஆயுள் பருமன். பிறகு உயரம் மட்டுமே. மேலே மூடிய மடலில் கருத்த சுணை இருக்கும், கை பட்டால் அரிக்கும். மடல் கழன்றால் பொன்னிறத் தண்டு, அதில் தூரிகையால் இழுத்தாற்போல் பச்சைக் கோடுகள். ஒரு கணுவிடைக் கோடு அடுத்ததில் அப்படியே வராது. அந்த அழகுக்காகவே ஒரு புதர் வைக்கலாம்.

இடம்தான் முக்கியம். உவர்க்காற்று நேரே அடிக்கும் கடற்கரை முகப்பு வேண்டாம். இலை நுனி கருகும். வீட்டின் மேற்குப் பக்கம், நல்ல தண்ணீர்க் கிணற்றடி பொருத்தம். மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் கச்சானின் வெக்கையை அங்கே அது தடுத்து நிற்கும். மதிலிலிருந்து பத்தடியாவது தள்ளி, ஒக்டோபர் மழையோடு இரண்டு மூன்று கணுவுள்ள முற்றிய துண்டைச் சாய்த்துப் புதையுங்கள். சிறு முற்றமென்றால் குட்டையான வேலி மூங்கில் போதும். உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் அடியிலேயே விடுங்கள், ஈரம் காக்கும்.

மூன்று வயது கடந்த கழிகளை வெட்டினால்தான் புதருக்குள் வெளிச்சம் போகும். மஞ்சள் மூங்கிலில் மாச்சத்து அதிகம், வண்டு சீக்கிரம் துளைக்கும். வெட்டியதைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்தால் புடலைப் பந்தலுக்கு ஆகும்.