'நமக்கு என்ன தெரியும்?'னு ஒதுங்காதீங்க... வீட்டின் முதல் பட்டதாரிக்குப் பெற்றோர் செய்ய வேண்டியவை!

தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் ஒரு மீனவக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறார். அம்மா மீன் விற்கிறார். அந்த வீட்டிலிருந்து முதன்முதலாக மகள் கல்லூரிக்குப் போகிறாள். 'நமக்கு என்ன தெரியும், எல்லாம் அவளே பாத்துக்குவா' என்று பெற்றோர் ஒதுங்கிவிடுகிறார்கள். மகள் மேல் உள்ள நம்பிக்கையில் சொல்வதுதான். ஆனால், விண்ணப்பம் நிரப்புவதில் இருந்து பணம் புரட்டுவது வரை எல்லாம் 17 வயதுப் பிள்ளையின் தலையில் விழுந்துவிடுகிறது. பாடம் சொல்லித்தரத் தெரியாவிட்டாலும், நீங்கள் செய்ய நிறைய இருக்கிறது.

சான்றிதழ் அலைச்சலை நீங்க எடுத்துக்குங்க

குடும்பத்தில் பட்டதாரியே இல்லை என்றால், இ-சேவை மையத்தில் 'முதல் பட்டதாரி சான்றிதழு'க்கு விண்ணப்பிக்கலாம். ஒற்றைச்சாளர கலந்தாய்வில் தொழிற்படிப்பு சேருபவர்களுக்கு இதன் மூலம் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். 2010-ல் வந்த இந்தச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே. ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் முன்பே வாங்கி வையுங்கள்.

மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், 2022-ல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அதை விரிவாக்கும் விழா, 2024 டிசம்பர் 30-ல் தூத்துக்குடியிலேயே நடந்தது. மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் இருக்கிறது.

காத்துக் காலத்துக்கு முன்னாடியே பணம்

கல்லூரி கட்டணம் கட்டும் ஜூன், ஜூலையில்தான் தென்கடலோரத்தில் காற்று பலமாக வீசும். வள்ளம் இறங்காத நாள்களில் வருமானமும் இருக்காது. அதனால் பாடு நல்லா இருக்கும் மாதங்களிலேயே பிள்ளை பெயரில் ஒரு தொகையை ஒதுக்குங்கள். வட்டிக்கு வாங்கும் முன் வங்கிக்குப் போய் கல்விக்கடன் கேளுங்கள். 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் தேவையில்லை.

திருவிழாவுக்குக் கூப்பிடும் முன்...

செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருவிழா. பிள்ளை ஊரில் இருக்கணும்னு ஆசைதான். ஆனால், பெரும்பாலான கல்லூரிகளில் 75 சதவிகித வருகைப்பதிவு இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். 90 வேலை நாள்கள் என்றால், விடுப்புக்கு இடம் 22 நாள்கள்தான். கொடியேற்றத்திலிருந்தே இருக்கச் சொல்லாமல், கடைசி இரண்டு நாளுக்கு மட்டும் வரச் சொல்லுங்கள். கல்யாணம், காதுகுத்துக்கும் இதே கணக்குதான்.

அரியர்னா படிப்பு முடிஞ்சுபோச்சா?

இல்லை. பள்ளியில் ஃபெயிலானால் மேலே போக முடியாது என்று நாம் பழகியிருக்கிறோம். கல்லூரியில் ஒரு பாடத்தில் அரியர் விழுந்தாலும் பொதுவாக அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். விட்ட பாடத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். இது தெரியாமல் 'படிச்சது போதும், கிளம்பி வா' என்று சொல்லிவிடாதீர்கள். திட்டு விழும் என்ற பயத்தில் அரியரை மறைக்கும் பிள்ளை, உதவி கேட்க வேண்டியதையும் மறைத்துவிடும்.

போனில் 'சாப்பிட்டியா மக்கா?' என்பதோடு வைத்துவிடாமல், 'இன்னிக்கு கிளாஸ்ல என்ன நடத்துனாங்க?' என்றும் கேளுங்கள். பிள்ளை சொல்வது புரியாமல் போகலாம், பரவாயில்லை. கஷ்டம் வரும்போது வீட்டில் சொல்லலாம் என்ற தைரியம் அந்தப் பேச்சில்தான் வரும்.